துஹா தன் பெயரில் இழுத்த கம்பி

ஸர்க்கா தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பத்தொரு பையன்கள் உட்கார்ந்திருந்த மின்பணி வகுப்பில் முப்பத்திரண்டாவது நாற்காலி. அம்மானில் எந்தக் கடையிலும் கிடைக்காமல், மூன்று மாதம் காத்திருந்து துருக்கியிலிருந்து வரவழைத்த முப்பத்தேழாம் எண் ரப்பர் காலணி. இரண்டு முறை முடியாது என்று சொன்ன தகப்பனாரின் சம்மதம். மூன்றாவது முறை கிடைத்ததும் அரைச் சம்மதம்தான், தலையை ஆட்டினார், வாயைத் திறக்கவில்லை. ஏணியில் நிற்கும்போது கீழேயிருந்து யாரும் சிரிக்காத ஒரு வேலைத்தளம். முதல் தடவை நான்கு மதிப்பெண்ணில் நழுவி, இரண்டாவது தடவை பதினொன்று கூடுதலாகவே எடுத்த உரிமத் தேர்வு.

முப்பது வயதுக்குள் துஹா போராடி வாங்கியவை இவை. அவளுடைய அண்ணன் குதைபா கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் இதே வரிசையில்தான் சொல்வான். அவன் அம்மானின் ஹாஷ்மி பகுதியில் ரொட்டி சுடுகிறவன், ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் எந்தத் தாள் கையில் வந்தாலும் விரலை வைத்து வரிவரியாக இரண்டு முறை படித்த பிறகுதான் கீழே வைப்பான். காலை ஒன்பதுக்கு அடுப்பு வேலை முடிந்துவிடும். அதன் பிறகு தங்கையோடு கிளம்பிவிடுவான். பெண் தனியாகப் போனால் பல வீடுகளில் கதவு திறக்காது. அண்ணனோடு போனால் திறக்கும், ஆனால் பேச்செல்லாம் அண்ணனிடம் போய்விடும்.

இவ்வளவு வாங்கியும் ஒன்று மட்டும் துஹாவுக்குக் கிடைக்கவில்லை. ஆறு வருடம் அபூ நாயிஃப் என்ற ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தாள். சுவரைத் துளைத்ததும் கம்பி இழுத்ததும் அளந்ததும் அவள். சான்றிதழில் கையெழுத்து அவருடையது. உரிமம் வந்ததும் அவரை விட்டு வெளியே வந்தாள். பதினொரு மாதம் ஆயிற்று, ஒருவரும் அவள் பெயரில் வேலை தரவில்லை. அபூ நாயிஃப் அழைத்தார்.

"மகளே, இந்த மாசக் கடைசி வரைக்கும் உன் இடத்தைக் காலியா வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் எடுத்துக்கிறதா இல்லை. வந்தா உரிமத்தையும் கொண்டு வா, அதை என் ஆபீஸ் சுவர்ல மாட்டிடுவோம். கையெழுத்தெல்லாம் நான் பாத்துக்கறேன், உனக்கெதுக்கு அந்தத் தலைவலி?"

"யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்று துஹா சொன்னாள். யோசிக்க ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மாதம் முடிய பதினெட்டு நாள் இருந்தது.

அப்போதுதான் தபர்பூர் பகுதியிலிருந்து உம்மு லைத் அழைத்தாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பவள். பழைய மின்சாரக் கார் ஒன்று வாங்கியிருந்தாள். மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து ஒரு நீள ஒயரைத் தொங்கவிட்டுத் தெருவில் நின்ற காருக்குச் சொருகிக்கொண்டிருந்தாள். அது இரண்டாம் மாடிக்காரர்களின் துணிக்கொடி மேலேயே இறங்கியது. யாரோ புகார் கொடுத்தார்கள். ஒயரை எடு, இல்லாவிட்டால் முறைப்படி சார்ஜர் வை என்று மின் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது.

முறைப்படி என்றால் கார் நிற்கும் இடம் அவள் பத்திரத்தில் இருக்க வேண்டும். சார்ஜருக்கென்று தனி மீட்டர், தனி பிரேக்கர், சரியான எர்த். மீட்டர் அறை தரைத்தளத்தில், பத்திரத்தில் அவளுக்கென்று இருந்த கார் நிறுத்துமிடம் அதற்கும் கீழே, அடித்தளத்தில். ஆகவே கம்பி பொதுச்சுவரைத் துளைத்துத்தான் போக வேண்டும். அதற்கு மற்ற வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில் உரிமம் பெற்றவரின் கையெழுத்து.

"மத்ததெல்லாம் நடந்துடும். கையெழுத்துதான் நடக்காது" என்றாள் உம்மு லைத். "எங்க கட்டடத்துல பேனாவைப் பாத்தாலே கதவைச் சாத்திடுவாங்க."

காரணம் இருந்தது. ஒன்பது வருடம் முன்பு, லிஃப்ட் வைக்கப்போகிறேன் என்று சொல்லி கட்டடக்காரர் ஏழு வீட்டிலும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். ஆறு மாதத்தில் மொட்டைமாடியில் ஒரு வீடு முளைத்தது. லிஃப்ட் இன்றுவரை வரவில்லை. அன்றிலிருந்து தரைத்தளத்து அபூ சுஃப்யான் படித்துச் சரி என்று சொல்லாத எந்தத் தாளிலும் யாரும் பேனா வைப்பதில்லை. அவர் ஜாபிர் எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர். மீட்டர் அறைச் சாவியும் அவர் இடுப்பில்தான்.

அவர் வீட்டுக்கு துஹாவும் குதைபாவும் திங்கட்கிழமை காலை பதினொன்றுக்குப் போனார்கள். அபூ சுஃப்யான் குதைபாவை உட்கார வைத்தார்.

"வாங்க இன்ஜினியர். இவங்க?"

"இன்ஜினியர் அவதான். நான் ரொட்டி சுடறவன்."

அபூ சுஃப்யான் துஹாவின் காலணியைப் பார்த்தார், பிறகு குதைபாவின் கையைப் பார்த்தார். எதையும் நம்பியதாகத் தெரியவில்லை.

"ரொட்டிக்காரருக்கு என் வீட்ல என்ன வேலை?"

"தங்கச்சிக்குத் துணைக்கு."

அவருடைய மகள் இஸ்ரா ஏலக்காய் மணக்கக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். துஹா ஏற்கெனவே கையுறையை மாட்டியிருந்தாள். "சாவியை மட்டும் கொடுங்க மாமா, மீட்டர் பெட்டியை ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு எழுந்தாள். கோப்பை அப்படியே இருந்தது. தங்கை குடிக்காததால் குதைபாவும் தொடவில்லை. எழுந்து அவள் பின்னால் போனான். திரும்பி வந்தபோது அபூ சுஃப்யானின் முகம் மாறியிருந்தது. இரண்டு கோப்பைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காபி ஆறிப்போச்சு" என்றார்.

"பரவால்ல மாமா."

"கேட்டு வந்ததைக் கேக்காம கோப்பையை வெச்சிருக்கீங்க. கேட்டது கிடைக்கிற வரைக்கும் குடிக்கிறதில்லேன்னு எனக்கும் தெரியும். நானும் நாலு பேரோட போய்ப் பொண்ணு கேட்டவன்தான். நேராச் சொல்லிடறேன் தம்பி, இஸ்ராவுக்குப் போன மாசமே நிச்சயம் ஆயிடுச்சு."

குதைபாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது வரை சிவந்துவிட்டான். "ஐயோ, நாங்க அதுக்கு வரல!"

"அப்ப எதுக்கு வந்தீங்க? சார்ஜர்னு சொல்லிட்டு வீட்டை நோட்டம் விடறீங்க, தங்கச்சியைக் கூட்டிட்டு வந்து மக முகத்தைப் பாக்கறீங்க, காபியைத் தொடமாட்டேங்கறீங்க."

"மாமா, கையுறை முழுக்க தூசி. அதனாலதான் தொடல" என்றாள் துஹா. "உங்க சம்மதம் ஒண்ணுதான் வேணும். தாள் இதோ."

தாளைக் கண்டதும் அபூ சுஃப்யான் சாய்ந்து உட்கார்ந்தார். தேடிய பொருள் பெட்டியின் அடியில் கிடைத்த சுங்க அதிகாரியின் முகம் அது. "ஆங். தாள். இதைத்தான் எதிர்பாத்தேன்" என்றார். படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். "முதல்ல படிக்கட்டு மீட்டருக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

படிக்கட்டு மீட்டர் என்பது மாடிப்படி விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஆன பொது மீட்டர். அது யாரும் படியேறாத பகல் வேளையிலும் சுற்றிக்கொண்டிருந்தது. உம்மு லைத்தின் கார்தான் திருட்டுத்தனமாக அதிலிருந்து குடிக்கிறது என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. இரண்டாம் மாடி அபூ நாதிர் தெருவில் கார் நிற்கும்போதெல்லாம் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்ப்பார். உம்மு லைத்தோ மொட்டைமாடி வீட்டுக்காரர்கள் மேல் சந்தேகப்பட்டாள். அபூ சுஃப்யான் தினமும் காலையில் மீட்டர் எண்ணைச் சாக்பீஸால் சுவரில் எழுதி வைத்தார். எல்லார் மேலும் சந்தேகப்பட்டார்.

தெருவுக்கு வந்ததும் குதைபா சொன்னான். "துஹா, இந்த ஆளுக்கு யாரோ ஏத்தி விட்டிருக்காங்க. அபூ நாயிஃப் பேசியிருப்பார்னு எனக்குத் தோணுது."

"உனக்கு எப்பவும் தோணும்."

"தாளை நீட்டினதும் முகம் எப்படிப் போச்சு பாத்தியா?"

"அண்ணே, அவர் முகம் நாம உள்ள போறதுக்கு முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு."

அபூ நாயிஃப் பேசினாரா இல்லையா என்பது குதைபாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அன்று தொடங்கி அவர் அழைப்பு வந்தால் தங்கையின் பக்கத்தில் போய் நின்றுகொள்வான்.

அடுத்த வாரம் துஹா படிக்கட்டு மீட்டரைச் சோதிக்க வந்தாள். அபூ சுஃப்யான் சாவியைக் கொடுக்காமல் தானே திறந்துவிட்டு, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எதிரேயே அவர் வீடு. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"எதையாவது மாத்தினா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

"தெரியணும் மாமா. அதுக்குத்தானே உக்காந்திருக்கீங்க."

துஹா முதலில் மோட்டார் இணைப்பைக் கழற்றினாள். மீட்டர் சுற்றியது. படிக்கட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். இன்னும் சுற்றியது. குதைபா மணியைப் பார்த்து எண்களைச் சொல்ல, அவள் கையிலிருந்த சின்னக் கருவியைக் கம்பி ஒன்றைச் சுற்றிப் பிடித்தாள். கம்பி சுவருக்குள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். பிறகு படிக்கட்டு பிரேக்கரைக் கீழே தள்ளினாள்.

எதிர்வீட்டு வானொலி பாதி வாக்கியத்தில் நின்றது.

துஹா பிரேக்கரை மேலே தூக்கினாள். செய்தி வாசிப்பவர் மறுபடி பேசத் தொடங்கினார். ஐஸ்பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. மறுபடி தள்ளினாள். அமைதி. மறுபடி தூக்கினாள்.

"போதும்" என்றார் அபூ சுஃப்யான். படியில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "உள்ள வாங்க. ரெண்டு பேரும்."

கதவைச் சாத்தினார். இஸ்ரா காபி வைத்துவிட்டுப் போனதும் அந்தக் கதவையும் சாத்தினார்.

"நான் செஞ்சதில்லை" என்றார். "சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியும் மாமா. கட்டினப்பவே உங்க சமையலறை லைனைப் படிக்கட்டுல முடிச்சிட்டுப் போயிருக்காங்க. முடிச்சே பழசு, டேப் கருகியிருக்கு."

"பதினாலு வருஷமா..." அவர் நிறுத்தினார். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு துஹாவைப் பார்த்தார். பழைய அபூ சுஃப்யான் திரும்பி வந்துவிட்டார். "சரி. புரிஞ்சிடுச்சு. நான் கையெழுத்துப் போட்டா நீ வாயைத் திறக்கமாட்டே. அதுதானே? சாவடியில இந்த மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன். கோப்பை இருக்கு முன்னாடி. கேளு."

குதைபா நாளை எண்ணிப் பார்த்தான். மாதம் முடிய ஒன்பது நாள். இந்த ஆளின் பேனா ஒன்று அசைந்தால் மற்ற வீடுகளும் அசையும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது பொய்கூட இல்லை. அவன் தங்கையின் கையைப் பார்த்தான். இந்தத் தடவை கையுறை இல்லை. வெளியே குழாயில் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

துஹா கோப்பையை எடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலிக் கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"நல்லா இருக்கு மாமா" என்றாள். "கேக்க ஒண்ணும் இல்லை. உங்க லைனை உங்க மீட்டருக்கு மாத்திடறேன், முக்கால் மணி நேரம் ஆகும். ஐஸ்பெட்டியை மட்டும் அதுவரைக்கும் திறக்காதீங்க. யாராவது கேட்டா, முடிச்சு தப்பா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்னு சொல்வேன். யார் வீட்டு முடிச்சுங்கறதை நீங்க சொல்லுங்க."

"சம்மதத் தாள்?"

"அது உங்க இஷ்டம்."

அபூ சுஃப்யான் காலிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் குடித்துவிட்டவளுக்குத் தன்னிடம் கேட்க எதுவும் மிச்சமில்லை. பேரம் பேச ஆள் இல்லாத சந்தையில் மாட்டிக்கொண்டவர் போலத் திருதிருவென்று விழித்தார். கடைசியில் குதைபாவின் பக்கம் திரும்பினார்.

"உங்க தங்கச்சி எப்பவும் இப்படித்தானா?"

"சின்ன வயசிலேர்ந்தே" என்றான் குதைபா. சொல்லும்போதே பெருமை தாங்கவில்லை. தன் கோப்பையையும் எடுத்துக் குடித்தான். வாய் சுட்டது.

துஹா முக்கால் மணி நேரம் என்று சொன்னது ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. முடித்துவிட்டுப் படிக்கட்டு பிரேக்கரைத் தள்ளினாள். வானொலி நிற்கவில்லை. மறுபடி தூக்கினாள். விளக்கு எல்லாம் அணைந்திருக்க, படிக்கட்டு மீட்டர் செத்த பல்லியைப் போல அசையாமல் இருந்தது.

யாரோ திருடுகிறார்கள் என்று தினமும் சுவரில் எழுதிவந்த மனிதர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு படிக்கட்டின் நடுவில் போய் நின்று மேலே பார்த்துக் கத்தினார்.

"எல்லாரும் இறங்கி வாங்க! அபூ நாதிர்! உம்மு லைத்! வீட்ல இருக்கிறவங்க எல்லாரும்!"

செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தளத்திலும் கைப்பிடிக் கம்பிக்கு மேல் தலைகள் முளைத்தன. ஆறு வீட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். ஏழாவது வீடு குவைத்தில் இருந்தது.

"படிக்கட்டு மீட்டர்ல குடிச்சது யாருமில்லை, என் வீடுதான்" என்றார் அபூ சுஃப்யான். "கட்டினவன் தப்பா முடிச்சிருக்கான். இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சு மாத்திட்டா. உம்மு லைத், உன் காரைச் சொன்னதுக்கு என்னை மன்னிச்சிடு. இப்ப சார்ஜர் தாளைக் கொண்டு வாங்க, நான் போடறேன்."

பாராட்டு வரும் என்று குதைபா நினைத்தான். வந்தது முணுமுணுப்பு.

"இவரே ஏன் வந்து சொல்றார்?" என்று மொட்டைமாடி வீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அந்தப் பொண்ணு என்ன கொடுத்துச்சு?"

அபூ நாதிர் மருந்துக்கடைக்காரர், சொல்லை அளந்து பேசுகிறவர். "அபூ சுஃப்யான், நீங்க படிச்சுச் சொன்னா நாங்க போடறதுன்னு இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும். உங்க வீட்டு முடிச்சே உங்களுக்குத் தெரியல. இனிமே உங்க வார்த்தையை வெச்சு நான் எப்படிப் போடறது? கோவிச்சுக்காதீங்க."

அபூ சுஃப்யான் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது போலிருந்தது. குதைபா நினைத்திருந்தது வேறு. ஒரே ஒரு பூட்டைத் திறந்தால் போதும் என்றிருந்தது. திறந்ததும் பூட்டே கழன்று விழுந்துவிட்டது.

"அப்ப யாரோட வார்த்தை வேணும்?" என்று கேட்டாள் துஹா.

"கம்பி சுவருக்குள்ள போகுது. சூடாகித் தீப்பிடிச்சா யார் கழுத்துக்கு?" என்றார் அபூ நாதிர். "எங்க கையெழுத்தை எல்லாரும் கேக்கறாங்க. லிஃப்ட்காரனும் கேட்டான். கேட்டவன் எவனும் தன்னோடதைப் போட்டதில்லை."

"நியாயம்" என்றாள் துஹா. "தாள் கொடுங்க."

உம்மு லைத் நோயாளிகள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். துஹா மீட்டர் பெட்டியின் மேல் வைத்து எழுதினாள். கம்பியின் தடிமன், பைப் போகும் வழி, பிரேக்கரின் அளவு, எர்த் அளந்தபோது வந்த எண். கடைசியில், கட்டடத்துக்கு ஏதும் நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது.

"இரு" என்றான் குதைபா. தாளை வாங்கி விரல் வைத்துப் படித்தான். கூட்டம் பொறுமையிழந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தான். "ஏதும் நேர்ந்தால்னா பூகம்பம் வந்தாலும் நீதானா? 'நான் பொருத்தும் இந்தக் கம்பியால்'னு போடு. 'வேறு யாரும் அதைத் திறக்காதவரை'ன்னும் போடு."

"பாத்தீங்களா, நழுவறாங்க" என்றாள் மொட்டைமாடிப் பெண்.

"நழுவலம்மா. நாளைக்கு நீங்களே ஒரு ஆணியடிச்சிட்டு இவளைக் கூப்பிடக் கூடாதில்ல" என்றான் குதைபா.

அபூ நாதிர் சிரிக்காமல் தலையை ஆட்டினார். "எழுதட்டும். மருந்துச் சீட்டும் அப்படித்தான் இருக்கணும்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். நீட்டியது குதைபாவிடம். "போடுங்க இன்ஜினியர்."

குதைபா கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இன்ஜினியர் அவதான்னு எத்தனை தடவை சொல்றது? நான் ரொட்டி சுடறவன்."

யாரோ மேலே சிரித்தார்கள். பேனா மெதுவாகத் திரும்பியது. துஹா வாங்கினாள். ஒரு கணம் அவள் கை தாளுக்கு மேலேயே நின்றது. ஏணியில் இருக்கும்போதோ திறந்த மின்பெட்டிக்குள் கைவிடும்போதோ அந்தக் கை நின்று குதைபா பார்த்ததில்லை. உரிமத்தின் எண்ணை முதலில் எழுதினாள். அதற்குக் கீழே தன் முழுப் பெயரையும், தகப்பனார் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

அபூ நாதிர் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்தார். உரிம அட்டையையும் வாங்கி, எண் ஒன்றுதானா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். மொட்டைமாடிப் பெண்ணும் தனக்கென்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அபூ சுஃப்யான் அதற்குப் பிறகும் ஒரு பிரதி கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு அபூ நாதிர் சம்மதத் தாளை மீட்டர் பெட்டியின் மேல் விரித்து, ஒவ்வொரு வரியையும் படித்து, போட்டார். அடுத்தவர் அவர் போட்டதைப் பார்த்துவிட்டுப் போட்டார். அபூ சுஃப்யான் கடைசியில் போட்டார்.

குதைபா சம்மதத் தாளில் இருந்த பெயர்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு, துஹா எழுதியதன் அடியில் ஒன்று குறைவதைக் கண்டான்.

"தேதி போடலையே" என்றான்.

துஹா எழுதினாள்: 2022 நவம்பர் 21, திங்கட்கிழமை.